பலகாரம் சுடக் காஸ் அடுப்பு: எந்த பர்னர், எந்த மாற்றம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில்தான் (வீட்டின் இரண்டாம் பகுதி) பலகாரம் சுடுகிறோம். அப்பத்தா காலத்தில் கோட்டை அடுப்பும் புளிய விறகும். என் கைக்கு வந்த பிறகு காஸுக்கு மாறினோம். கல்யாணப் பலகாரத்துக்கு ஆர்டர் எடுக்கத் தொடங்கியவர்கள் கண்டனூர், பள்ளத்தூர், தேவகோட்டை என்று பல ஊர்களிலிருந்து என்னிடம் அடுப்பைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வீட்டில் இருக்கிற இரண்டு பர்னர் அடுப்பே போதாதா ஆச்சி?

வீட்டுத் தேவைக்குப் போதும். அரைப்படி மாவில் சீடை உருட்டிப் போட வேறு அடுப்பு எதற்கு? ஈடு, அதாவது ஒரு தடவை எண்ணெயில் போடுகிற அளவு, பெரிதாகும்போதுதான் சிக்கல்.

தேன்குழலைப் பிழிந்து விட்டதும் எண்ணெய் நுரைத்துப் பொங்குகிறதே, அது மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போவது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு ஈட்டுக்கு ஒரு கிலோ பிசைந்த மாவு, அதிலிருந்து 400 கிராம் தண்ணீர் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாக்க மட்டும் 900 கிலோஜூல். மாவு சூடேற இன்னொரு 200. ஆக 1,100 கிலோஜூலை ஆறு நிமிடத்துக்குள் எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டும். அதாவது 3 கிலோவாட், விடாமல். திறந்த அடுப்பில் எரிகிற வெப்பத்தில் பாதிக்கு மேல் வாணலியின் ஓரத்தில் ஏறிக் காற்றோடு போய்விடுகிறது. அதனால் பர்னர் ஆறரை முதல் ஏழு கிலோவாட் தந்தால்தான் எண்ணெய்க்கு மூன்று கிடைக்கும்.

வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் தருவது சுமார் 2 கிலோவாட். மாவைப் போட்டதும் எண்ணெயின் சூடு இறங்கும், திரும்ப ஏறாது. தேன்குழல் எண்ணெய் குடித்து நமத்துப் போகும். "எண்ணெய் காய்ந்துதானே போட்டேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். காய்ந்துதான் இருந்திருக்கும். எண்ணெய் இழக்கிற சூட்டை எவ்வளவு சீக்கிரம் திருப்பித் தருகிறது என்பதை வைத்துத்தான் நான் பர்னரைத் தேர்ந்தெடுப்பேன். சுடர் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

கடையில் கிலோவாட் கணக்கு யாரும் சொல்வதில்லையே?

மணிக்கு எத்தனை கிராம் காஸ் எரிக்கும் என்று கேளுங்கள். ஒரு கிலோ எல்பிஜியில் (சிலிண்டரில் வருகிற காஸ்) ஏறக்குறைய 12.7 யூனிட், அதாவது கிலோவாட்-மணி, வெப்பம் இருக்கிறது. மணிக்கு 500 கிராம் எரிக்கிற பர்னர் 6.3 கிலோவாட். அதுவும் தெரியாது என்றால் வாங்கிய பின் நீங்களே அளக்கலாம். சிலிண்டரைத் தராசில் நிறுத்தி எடை குறித்துக்கொண்டு, வாணலியில் தண்ணீர் வைத்து ஒரு மணி நேரம் முழுத் தீயில் எரித்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். பலகாரம் சுடுகிற இடத்தில் தராசு இல்லாமலா இருக்கும்?

என் அளவுகளைச் சொல்கிறேன். பத்து லிட்டர் கடலை எண்ணெய், எட்டு கிலோ இரும்பு வாணலி. இதை 170 டிகிரிக்குக் கொண்டுவர ஆறரை கிலோவாட் பர்னரில் இருபது நிமிடம் போதும். வீட்டு அடுப்பில் ஒரு மணி நேரம் போல ஆகும். பந்திக்கு 40 லிட்டர் தண்ணீர் கொதிக்க வைப்பதற்கு இதே பர்னரில் ஒரு மணி நேரமும் அரைக் கிலோ காஸும் பிடிக்கும்.

ஹை பிரஷர் பர்னரா, லோ பிரஷர் பர்னரா?

அழுத்தம் கூடினால் ஒரே துளை வழியாக அதிகக் காஸ் வரும். ஆனால் நேர் விகிதத்தில் வராது. அழுத்தம் நான்கு மடங்கானால்தான் காஸ் இரண்டு மடங்காகும். வீட்டு ரெகுலேட்டர் தருகிற அழுத்தம் மிகக் குறைவு, சுமார் 30 மில்லிபார். ஹை பிரஷர் அடுப்பில் அதைப்போல் பல மடங்கு போகிறது. அதனால்தான் சின்ன பர்னரிலேயே அவ்வளவு தீ, அவ்வளவு இரைச்சல்.

முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை என்று ஈடு ஈடாக இறக்குகிறவர்களுக்கு ஹை பிரஷர் கைகொடுக்கும். ஆனால் அதன் தீ நடுவில் ஒரு புள்ளியில் குவிந்து அடிக்கும். தடித்த இரும்பு வாணலி அதைப் பரப்பிக்கொள்ளும். மெல்லிய அலுமினியச் சட்டியில் நடுவிலுள்ள எண்ணெய் மட்டும் கருகும். செக்கு எண்ணெய் என்றால் இன்னும் கவனம் வேண்டும், சுத்திகரித்த எண்ணெயைவிட அது முன்னதாகவே புகைந்துவிடும். இன்னொரு குறை, ஹை பிரஷர் பர்னரைத் தணித்து எரிப்பது சிரமம். ஓர் அளவுக்குக் கீழே திருகினால் படபடத்து அணைந்துவிடும்.

லோ பிரஷரில் பெரிய வட்ட பர்னர்கள் உண்டு. உள்வட்டம், வெளிவட்டம் இரண்டுக்கும் தனித்தனி வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஒரே அடுப்பில் இரண்டு வேலை பார்க்கலாம். எண்ணெய் காய இரண்டு வட்டமும், பிறகு உள்வட்டம் மட்டும். வாங்கும்போது கொஞ்சம் கூடுதல் பணம் ஆகும். இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

அதிரசத்துக்கும் பாகுக்கும் அதே அடுப்பு ஆகுமா?

ஆகாது. தேன்குழல் சுட்ட தீயில் அதிரசத்தைப் போட்டால் மேலே சிவந்து உள்ளே மாவாக நிற்கும். வெல்லம் சேர்ந்த மாவு சீக்கிரம் நிறம் பிடிக்கும், அதனால் தணிந்த தீயும் பொறுமையும் வேண்டும். கந்தரப்பத்துக்கும் அப்படித்தான். மணகோலத்துக்குப் பாகு காய்ச்சும்போது பதம் வந்த நொடியில் தீ அடங்க வேண்டும். ஹை பிரஷர் ஸ்டாண்டின் வார்ப்பிரும்பு சூட்டிலேயே பாகு ஒரு பதம் தாண்டிப் போய்விடும்.

பாகுக்கும் அதிரசத்துக்கும் வீட்டு அடுப்பையே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பர்னருக்குப் பக்கத்தில் அது தனியாக இருக்கட்டும்.

ஜெட் (பர்னருக்குக் காஸ் பாய்கிற சின்னத் துளையுள்ள திருகு) துளையைப் பெரிதாக்கினால் தீ கூடும் என்கிறார்களே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதைச் செய்து நொந்திருக்கிறேன்.

காஸுக்கு மாறிய முதல் வருஷம் தீ போதவில்லை என்று அடுப்பு பழுது பார்க்கிற ஒருவரிடம் கொடுத்தேன். ஜெட்டைக் கழற்றிச் சின்னத் துளையிடும் ஊசியால் அகலப்படுத்திக் கொடுத்தார். தீ பெரிதாகத்தான் வந்தது. ஆனால் மஞ்சளாக, நாக்கு நீட்டி ஆடியது. இரண்டாவது ஈட்டிலேயே வாணலியின் அடி கரி பிடித்துவிட்டது. வாணலியைச் சுற்றி எழுந்த புகை எண்ணெயில் இறங்கி, அன்றைக்குச் சுட்ட தேன்குழல் முழுவதிலும் புகைக் கவிச்சி. கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய பலகாரம் அது. அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேறு சுட்டோம்.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். 1 மில்லிமீட்டர் துளையை 1.2 ஆக்கினால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 44 சதவீதம் கூடிவிடுகிறது, காஸும் அவ்வளவு கூடும். எல்பிஜி ஒரு பங்கு முழுதாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். ஜெட்டிலிருந்து பாயும் காஸ்தான் பர்னர் குழாய்க்குள் தனக்கு வேண்டிய காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. துளையைப் பெரிதாக்கினால் காஸ் கூடும் அளவுக்குக் காற்று கூடாது, குழாயும் பர்னர் கண்களும் (தீ வருகிற சின்னத் துளைகள்) அதே அளவில்தானே இருக்கின்றன. அரைகுறையாக எரிந்த காஸ் கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளிவரும். கரி கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அடுப்படியில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

தீ போதவில்லையென்றால் பெரிய பர்னர் வாங்குங்கள். ஜெட் தேய்ந்தோ அடைத்தோ போயிருந்தால் அதே அளவுப் புது ஜெட் போடுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று கம்பியை விட்டுக் குடைவதும் துளையைப் பெரிதாக்குவதுதான். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஊதினால் போதும்.

நகரத்தில் குழாய் காஸ் அடுப்பைப் பழைய விலைக்கு வாங்கி வருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே கன அளவில் எல்பிஜியில் இருக்கிற வெப்பத்தில் பாதிகூட இயற்கை வாயுவில் கிடையாது. அதனால் அந்த அடுப்புகளின் ஜெட் துளை பெரிதாக இருக்கும். ஜெட்டை மாற்றாமல் சிலிண்டரில் இணைக்கவே கூடாது.

ஜெட்டைத் தொடாமல் ரெகுலேட்டரை மட்டும் மாற்றினால்?

வீட்டு அடுப்புக்கு ஹை பிரஷர் ரெகுலேட்டர் போடக் கூடாது. அந்த அடுப்பின் வால்வும் உள்குழாய் இணைப்புகளும் அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. கசிவு முதலில் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வரும். தீயும் பர்னரை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்று எரியும், சட்டென்று அணையும், அணைந்தது தெரியாமல் காஸ் வந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் எதைத்தான் மாற்றலாம்?

ஜெட், ரெகுலேட்டர், வால்வு என்று காஸ் வரும் வழியைத் தொடாமல், பர்னரைச் சுற்றி வெளியே இருப்பதை மாற்றலாம். எனக்கு அதிக லாபம் தந்தவை இரண்டு.

முதலாவது வாணலி உட்காரும் உயரம். சுடரைக் கூர்ந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன நீலக் கூம்பு தெரியும். அந்தக் கூம்பின் நுனி வாணலியைத் தொடக் கூடாது, தொட்டால் எரிந்து முடியாத காஸ் குளிர்ந்து கரியாகிவிடும். அதற்கு மேலே இருக்கிற மங்கலான வெளிச்சுடர்தான் வாணலியின் அடியில் பரவ வேண்டும். வாணலி ரொம்ப உயரத்தில் இருந்தால் வெப்பம் வீண். உள்ளூர்ப் பட்டறையில் இரும்பு வளையம் அடித்து வாங்கி, அதன் கீழே தகடு வைத்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்கள் வாணலிக்குச் சரியான உயரம் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. கிடைத்த பிறகு அதே வால்வு நிலையில் எண்ணெய் முன்னதாகக் காய்ந்தது.

இரண்டாவது காற்றுத் தடுப்பு. ஆடிக் காற்றில் முற்றத்தோரம் அடுப்பு வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தகரத்தை வளைத்து பர்னரைச் சுற்றி நிறுத்துங்கள். கீழே நான்கு விரல் இடைவெளியும், மேலே வாணலியைச் சுற்றி ஒரு விரல் இடைவெளியும் இருக்கட்டும். கீழே அடைத்தால் காற்று போகாது, தீ மஞ்சளாகும். தடுப்புக்கு உள்ளே டியூபோ வால்வோ வரக் கூடாது. சிலிண்டரை மறைத்துத் தடுப்பு வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள்.

காற்றுவழி மூடி சில பர்னர்களில் ஜெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அது நாம் திருகுவதற்காகவே வைத்தது. சுடர் மஞ்சளானால் கொஞ்சம் திறவுங்கள், சுடர் எழும்பிக் கத்தினால் கொஞ்சம் மூடுங்கள்.

கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்தோம். போன வருஷம் நன்றாக எரிந்த அடுப்பு இப்போது பர்னர் குழாய்க்குள்ளேயே எரிகிறது. ஏன்?

நம் பக்கத்து வீடுகளுக்கே உரிய கேள்வி இது. வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டில் பர்னர் குழாய் சிலந்திக்கும் குளவிக்கும் தோதான இடம். குழாய்க்குள் மெல்லிய வலை இருந்தாலே போதும், காஸும் காற்றும் போகும் வேகம் குறைந்து தீ பின்வாங்கி ஜெட்டின் வாயில் எரியத் தொடங்கும். குழாய் பழுக்கச் சூடாகும், "புஸ்" என்று ஒரு சத்தம் வரும். உடனே சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

ஆறிய பிறகு பர்னரைக் கழற்றி, பாட்டில் கழுவும் நீளத் தூரிகையைக் குழாய்க்குள் விட்டு எடுங்கள். குளவி மண் இறுகியிருந்தால் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பர்னர் தலையில் இருக்கும் கண்களையும் பாருங்கள், போன வருஷத்துப் பாகு சிந்திக் காய்ந்திருக்கும். நன்றாகக் காயவைத்துத் திரும்பப் பொருத்துங்கள். வீட்டைப் பூட்டும்போது பர்னரைக் கழற்றித் துணிப்பையில் கட்டி வைப்பது எங்கள் வழக்கம். டியூபையும் அப்போதே கழற்றிவிடுவோம், எலி கடிக்கும்.

முற்றத்தில் அடுப்பு வைக்கலாமா, உள்ளேதான் வைக்க வேண்டுமா?

புகை போக முற்றம் நல்ல இடம்தான். ஆனால் எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீரைப் போல் தாழ்ந்த இடம் தேடிப் போகும். நம் வளவில் (வீட்டின் உட்கட்டு) முற்றம் தாழ்ந்திருக்கிறது, அதிலிருந்து தண்ணீர் போக வாய்க்காலும் இருக்கிறது. கசிந்த காஸ் அந்தப் பள்ளத்தில் தேங்கி வாய்க்கால் வழியாக அடுத்த கட்டுக்கும் போகலாம். அதனால் சிலிண்டரை முற்றத்துக்குள் இறக்காதீர்கள். காற்றோடும் வெளித் தாழ்வாரத்தில், வாய்க்கால் வாய்க்குத் தள்ளி, நிமிர்த்தி வையுங்கள். காஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடி, கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து காஸ் கசிவு அவசர எண் 1906க்குக் கூப்பிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பர்னரை நேராக வைக்கவே வைக்காதீர்கள். அது சிமெண்டில் கையால் வார்த்தது, பர்னரின் அடிச்சூட்டில் விரிசல் விடும். எண்ணெய் சிந்தினால் கறையும் இறங்கும், வழுக்கலும் ஆகும். செங்கல் பரப்பி அதன் மேல் மணல் தட்டு வைத்து, அதில் பர்னரை நிறுத்துங்கள்.

சிலிண்டர் வேர்த்துச் சில்லென்று ஆகிறது, தீயும் குறைகிறது. வெந்நீர் ஊற்றலாமா?

வேண்டாம். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது வாயுவாக மாறும்போது தன் சூட்டையே எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் வேர்க்கிறது. பெரிய பர்னர் ஒன்றிரண்டை ஒரே சிலிண்டரில் மணிக்கணக்கில் எரித்தால் திரவம் குளிர்ந்து, அழுத்தம் குறைந்து, தீ தணியும். மார்கழி விடியற்காலையில், சிலிண்டர் பாதி காலியான பிறகு, இது கூடுதலாகத் தெரியும். சிலிண்டரைச் சூடாக்குவதும் சாய்த்து வைப்பதும் உயிருக்கு ஆபத்து. சாய்த்தால் வாயுவுக்குப் பதில் திரவமே டியூபில் வரும், பர்னரில் ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும். இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணைக்கும் குழாய் அமைப்பை ஏஜென்சி ஆளை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சுமையை இரண்டும் பகிர்ந்துகொள்ளும்.

விற்பனைக்குச் சுட 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர்?

சட்டப்படி கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர் எடுங்கள்.

டியூபை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்றுவது?

ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, உள்ளே கம்பி வலை வைத்த டியூப் மட்டுமே வாங்குங்கள். அதன் மேல் அச்சிட்ட காலக்கெடுவுக்குள் மாற்றுங்கள், எண்ணெய் பட்டு இளகியிருந்தால் அதற்கு முன்பே. ஹை பிரஷருக்கு அதற்கென்று உள்ள டியூப் வேண்டும், வீட்டு டியூப் தாங்காது. இரண்டு துண்டை ஒட்டுப்போட்டு நீட்டாதீர்கள். ஒவ்வொரு ஆர்டருக்கு முன்னும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வால்வை மூடிவிட்டு, வாணலியை முழுசாக மூடுகிற தட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள். அந்தத் தட்டு சுடத் தொடங்கும் முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது வைக்காமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.

ஒரு சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும் என்று ஆர்டருக்கு விலை சொல்வது எப்படி?

மணிக்கு 500 கிராம் எரிக்கிற பர்னர் முழுத் தீயில் 19 கிலோவை 38 மணி நேரத்தில் முடிக்கும். நடைமுறையில் எண்ணெய் காயும் வரையும், மாவு போட்ட முதல் இரண்டு நிமிடமும்தான் முழுத் தீ வேண்டும். நுரை அடங்க அடங்கத் தீயைக் குறைத்தால் நாற்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் எங்களுக்கு வருகிறது. ஆர்டர் தொடங்கும்போது சிலிண்டர் எடையைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பேன், முடிந்ததும் அதன் கீழே மறுபடி எழுதுவேன். நூறு தேன்குழலுக்கு எத்தனை கிராம் என்று அந்தச் சுவரே சொல்லிவிடும்.